வேண்டுதலும் கை கொடுத்தவர்களும்: கெடா தோட்டங்களில் துயரும் மீட்சியும்

சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத்து மக்கள் வேண்டாத தெய்வமில்லை. மாரியம்மனை அழைத்தார்கள், முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டார்கள், வேளாங்கண்ணி மாதாவிடம் மன்றாடினார்கள், நாகூர் ஆண்டவரைக் கூப்பிட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்கள் குறைவாக வேண்டினார்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. துயரத்தின் அடிமட்டத்திலிருந்து எழும் வேண்டுதலைப் பற்றியும் அதற்குக் கிடைக்கும் அருளைப் பற்றியும் எழுத வருகிறவர் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியர் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942-இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 12,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அங்கே மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு. 90,000 பேர் அளவில் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பெரும்பங்கு. கெடாக்காரர்களுக்கு இந்தச் சாவு இன்னும் பக்கத்தில் இருந்தது. ஆட்களை அடைத்த சரக்கு வண்டிகள் சுங்கைப்பட்டாணியையும் அலோர்ஸ்டாரையும் தாண்டித்தான் வடக்கே போயின. சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஏற்றினார்கள். சொல்லியும் வராதவர்களைப் பிடித்து ஏற்றினார்கள்.

1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. போர்க் கைதிகளிடம் அவர்களுடைய சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் கழிவைத் தள்ளிப் புதைக்கவும் ஆணையிட அதிகாரிகள் இருந்தார்கள். தமிழர் முகாம்களில் இரண்டும் இல்லை. கங்காணியும் கிராணியும் துரையும் சொல்லித்தான் எதையும் செய்ய வேண்டும் என்று பல தலைமுறைகளாகப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கூட்டம், சொல்ல ஆளில்லாத காட்டில் விடப்பட்டது. வேண்டுதல் இரு பக்கமும் இருந்தது. ஒருவரை ஒருவர் காப்பாற்றும் ஏற்பாடு ஒரு பக்கம்தான் இருந்தது. இன்று காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் போர்க் கைதிகளின் பெயர் பொறித்த கல்லறை வரிசைகளைப் பார்க்கலாம். நம்முடையவர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் வரிசை கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, சுங்கைப்பட்டாணிக்காரரான கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய நாவல்கள்தான் அவர்களுக்கு நாம் எழுப்பிய கல்லறைகள்.

இந்தப் பேரழிவை வைத்து இரண்டு முடிவுகளுக்கு வருகிறவர்கள் உண்டு. கடவுள் கேட்கவில்லை, ஆகவே வேண்டுதல் வீண் என்பது ஒன்று. எல்லாம் ஊழ், பட்டுத்தான் தீர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. தோட்டத்தில் வேண்டுதல் எப்படி நடந்தது, அது யாரை எப்படி மீட்டது என்று பார்க்காமலே எடுத்த முடிவுகள் அவை.

இந்த மண்ணில் வேண்டுதல் கப்பலோடு வந்தது. பழைய கெடாவின் ஆட்சிப் பரப்புக்குள் இருந்த செபெராங் பிறையில் 1834-இல் கர்னல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனுடையது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் அந்தக் கல், கடற்பயணம் நலமாக முடிய வேண்டும் என்று கேட்கிறது. அரசன் புகழோ கொடைக் கணக்கோ அதில் இல்லை. கரை சேர வேண்டும், அவ்வளவுதான். பின்னால் மெர்போக் பக்கம் சிவனுக்கும் புத்தருக்கும் எழுந்த பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்கள் எல்லாமே, கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் கரையில் நின்று செலுத்திய நன்றி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்களின் நிலை வேறு. 1909-இல் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் கைக்கு மாறியபின் கூலிமிலிருந்து பீடோங் வரை காடுகள் வேகமாக அழிந்து பால்மரக் காடுகளாயின. கங்காணி முறையில் சேலம், திருச்சி, தஞ்சை, ஆர்க்காடு பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்த வரத்து நிற்கவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்தன. மருத்துவமனை தூரம், தோட்டத்து மருந்துக்காரரிடம் கொய்னா மட்டும் இருக்கும். அந்த நிலையில்தான் மரத்தடியில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டு மாரியம்மன் என்றார்கள். ஊரில் அம்மைக்கும் மழைக்கும் அவள்தான் பொறுப்பு. இங்கே காய்ச்சலுக்கும் துரையின் கோபத்துக்கும்கூட அவளே பொறுப்பானாள்.

தோட்டத்து வேண்டுதலின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். பிழைத்தால் பால்குடம், தீமிதி, மாவிளக்கு, கூழ் வார்த்தல், சக்திக்கேற்ப ஒரு கோழியோ கடாவோ. நேர்ந்தது தனி ஆள்தான். நிறைவேற்றுவது தோட்டமே கூடி. ஆண்டுத் திருவிழாவில் யார் பால்குடம் எடுக்கிறார்கள், யார் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே எந்த வீட்டில் என்ன துயரம் நடந்தது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். திருவிழாச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒருவர் வேண்டுதலுக்கு மற்றவர் காசு கொடுத்த முறை அது. அடுத்த வீட்டுத் துன்பம் மறைந்து கிடக்க முடியாத ஏற்பாடாக அது இருந்தது. தீமிதியை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

அப்பர் வாழ்க்கையை ஓதுவார்கள் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும்: சூலை நோயில் துடித்தவரைத் திருவதிகைப் பெருமான் ஆட்கொண்டார். ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்கிறார். அப்பரின் அக்காள் திலகவதியாரை மணக்க இருந்த கலிப்பகையார் போரில் மாண்டபோது திலகவதியார் உயிர்விடத் துணிகிறார். பெற்றோரையும் இழந்துவிட்ட நேரம். சிறுவனான தம்பி அவர் காலில் விழுந்து, நீங்களும் போனால் நானும் உயிர் வாழேன் என்று அழ, அவர் தம்பிக்காக உயிர் தாங்கி நிற்கிறார். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தம்பி நோயோடு இரவில் அவர் வாசலுக்கு வருகிறார். அதற்கு முன்பே திலகவதியார் தம்பிக்காக இறைவனிடம் மன்றாடி வந்திருக்கிறார். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகிறவரும் அவரே. தம்பி அக்காளைச் சாவிலிருந்து இழுத்தார்; அக்காள் தம்பியை அருளிடம் சேர்த்தார். மற்றொருவர் கையில்லாமல் இந்தக் கதையில் யாரும் மீளவில்லை.

விவிலியத்திலும் இதுபோன்ற ஓர் இடம் உண்டு. எலியா தீர்க்கதரிசி பாலைவனத்தில் ஒரு செடியடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கு உபதேசம் வரவில்லை. தேவதூதன் தட்டி எழுப்புகிறான். சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுத் தூங்குகிறார்; மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கடவுளின் குரல் வெகு தூரம் நடந்த பிறகுதான் கேட்கிறது. உயிர் வெறுத்தவருக்கு முதலில் சோறும் உறக்கமும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பக்கம் வேறு எனக்குத் தெரியாது. குர்ஆனில் மீன் வயிற்றிருளிலிருந்து மன்றாடிய யூனுஸ் நபியும் கரை சேர்ந்தபின் நோயுற்றுத்தான் கிடந்தார். அவருக்கு நிழலுக்கு ஒரு கொடி முளைத்தது என்று வருகிறது.

அருள் தானாக வருமா, கேட்டால்தான் வருமா என்பது தமிழ்ச் சமயங்களுக்குள் ஓயாத வழக்கு. வைணவத்தில் தாயை இறுகப் பற்றும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று வடகலையும் தென்கலையும் பிரிந்தன. வேதாந்த தேசிகர் ஒரு பக்கம், பிள்ளை லோகாசாரியர் மறு பக்கம். சைவ சித்தாந்தம் உயிர் பக்குவப்படும்போது அருள் பதிகிறது என்கிறது. அந்தப் பக்குவத்தையும் துன்பத்தின் வழியே இறைவனே ஆக்குகிறான் என்றும் சொல்கிறது. கிறிஸ்தவத்தில் அகஸ்டின் முதல் லூத்தர் வரை அருள் தகுதி பார்க்காமல் வரும் கொடை என்றார்கள். மனிதன் திரும்புமுன்பே அருள் அவனிடம் வந்துவிடுகிறது என்றார் மெதடிஸ்டுகளின் தந்தை ஜான் வெஸ்லி. தோட்டத்து மனிதனுக்கு இந்த நூல்கள் எட்டவில்லை என்றாலும் வழக்கின் இரு பக்கமும் அவன் வாழ்க்கையில் இருந்தன. நேர்த்திக்கடன் செலுத்தும்போது அவன் இறுகப் பற்றினான். எல்லாம் முடிந்த நிலையில் கைகளைத் தூக்கிவிட்டு, நீயே பார்த்துக்கொள் தாயே என்று சொன்னான். மனமொடிந்தவருக்கு எது உதவும் என்று என்னைக் கேட்டால் இரண்டாவது என்பேன். பற்றிக்கொள்ளக்கூட வலுவில்லாதவரிடம், நீ சரியாகப் பற்றவில்லை என்று சொல்வதைப்போலக் கொடுமை கிடையாது.

போருக்குப் பின் வந்த சில ஆண்டுகள் கெடாவின் தமிழர் வரலாற்றில் பெருமையானவை. சயாமிலிருந்து மீண்டவர்கள் நோயும் கடனும் சாவும் நிறைந்த லயங்களுக்குத் திரும்பினார்கள். துயரத்தை மறக்கத் தோட்டமே கள்ளுக்கடை வைத்திருந்தது. வாங்கிய கூலி அங்கேயே திரும்பப் போனது. இந்தச் சூழலில் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. குடிக்க மாட்டோம் என்று இளைஞர்கள் உறுதி எடுத்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். லயத்தைச் சுத்தம் செய்தார்கள். பிறகு கூலியும் மரியாதையும் கேட்டார்கள். 1947-இன் முதல் மாதங்களில் போலீஸ் அதை உடைத்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் சிறைக்குப் போனார்கள். வரலாற்று நூல்கள் இதைத் தொழிற்சங்கக் கதையாக எழுதுகின்றன, அது சரி. ஆனால் கற்பூரத்தின் முன் செய்த சத்தியத்தை மீறாத மக்களிடம்தான் குடியை விடும் உறுதி இப்படிப் பற்றும். விரதம் இருக்கத் தெரிந்தவர்களுக்கு மறியல் செய்யவும் தெரிந்தது.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பிறந்து வளர்ந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னால் குடும்பங்கள் எங்கே போகும்? 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்குத்தான். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். 1961-இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அங்கே லயமும் கோயிலும் பள்ளியும் கலையவில்லை. அந்த மக்கள் இதை அம்மன் அருள் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்த அருள் பங்குச் சீட்டு வடிவில் வந்தது என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

எல்லாத் தோட்டங்களுக்கும் புக்கிட் சிடிமின் நிலை வாய்க்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆட்கள் குறைவு போதும். கூலிமில் 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. சுற்றிலும் தாமான் என்னும் குடியிருப்புகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. தோட்டத்து மக்கள் பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி என்று சிதறினார்கள். தைப்பூசத்துக்கு சுங்கைப்பட்டாணி சுப்பிரமணிய தேவஸ்தானத்தில் இன்றும் பெருங்கூட்டம். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் திருத்தலத்துக்கு இந்துக்களும் சீனர்களும்கூட மெழுகுவத்தி ஏந்திப் போகிறார்கள். வேண்டுதல் குறையவில்லை. ஆனால் யார் எதற்காகக் காவடி எடுக்கிறார் என்று பக்கத்தில் நடப்பவருக்குத் தெரியாது. ஐந்தாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவரைப் பூசாரிக்கும் தெரியாது.

மலேசியாவில் தற்கொலை விகிதம் இந்தியரிடையே மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டப்புறத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு பாராகுவாட் களைக்கொல்லி. தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. அந்தப் பெண்களின் உடல் கெட்ட கதையைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆவணப்படுத்தியது. அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. இலங்கையில் 1995-இல் ஒரு லட்சம் பேருக்கு 47 அளவுக்கு உயர்ந்திருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. துயரம் அங்கே குறைந்துவிடவில்லை. உயிரை வெறுத்த அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டிய நஞ்சு குறைந்தது, மக்கள் பிழைத்தார்கள்.

வேண்டுதலையும் அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் நோயாளிகளுக்குப் பயன் தெரியவில்லை. தனக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடவே இருந்தன. நம்பிக்கையுள்ளவர்கள் இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முகம் தெரியாத ஒருவர் பட்டியலைப் பார்த்துச் செய்த வேண்டுதல் அது. திலகவதியார் செய்தது அதுவல்ல. கென்னத் பர்கமெண்ட் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. கடவுள் துணையிருக்கிறார் என்று துன்பத்தை எதிர்கொள்கிறவர்கள் தாக்குப் பிடிக்கிறார்கள். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவர்களின் மனமும் உடலும் மேலும் கெடுகின்றன. பக்தி ஒன்றுதான்; அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் கோயில்களையும் சபைகளையும் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கடந்த சில பத்தாண்டுகளில் தாமான்களில் வீட்டு ஜெபக் கூட்டங்கள் பெருகின. மதமாற்றம் என்று கோயில் கமிட்டிகள் கோபப்படுகின்றன. சம்சுச் சாராயத்தில் மூழ்கிய கணவனையும் கடன்காரன் நிற்கும் வாசலையும் வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டுக்கு யார் போனார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெபக் குழு போனது. உட்கார்ந்தது, தலையில் கை வைத்தது, அடுத்த வாரமும் வந்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் புத்தகம் அனுப்பியது. இதே ஜெபக் குழுக்களில் சில, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லி மருந்தை நிறுத்த வைத்ததும் உண்டு. சாமி பார்த்து, செய்வினை என்று சொல்லிப் பணம் பிடுங்கியவர்களும் உண்டு. இவை இரண்டும் பாவம். சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அழைத்துப் போவதும் அருளின் வேலைதான்.

2021-இன் நடுவில் ஊரடங்கு நீண்டபோது நாடெங்கும் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். எங்களிடம் சாப்பாடு இல்லை என்று வெட்கத்தை விட்டு அறிவித்த கொடி அது. கோயில்களும் தேவாலயங்களும் மசூதிகளும் குருத்வாராக்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அரிசியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பழைய தோட்டத்து மஞ்சள் துணி முடிச்சு செய்த வேலையை அந்த வெள்ளைத் துணி செய்தது. ஊரடங்கு முடிந்ததும் கொடிகளை அவிழ்த்தோம். பார்க்கும் பழக்கத்தையும் அவிழ்த்துவிட்டோம்.

கெடாவின் கோயில் நிர்வாகங்களுக்கும் சபைப் போதகர்களுக்கும் பள்ளிவாசல் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் ஒரு பெரியம்மாவை உட்கார வையுங்கள். அழுதுகொண்டு வருகிறவரிடம் அவர் நட்சத்திரம் கேட்கட்டும், சாப்பிட்டாயா என்றும் கேட்கட்டும். மூன்று வாரம் கோயிலுக்கு வராத வீட்டுக்கு யாராவது போய்ப் பாருங்கள். அன்னதானப் பந்தியில் தனியாக உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் இலை போடுங்கள். அறிவிப்புப் பலகையில் திருவிழா நோட்டீசுக்கு மேலே சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐயும், பிஃபிரெண்டர்ஸ் எண் 03-7627 2929-ஐயும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து குடும்பங்கள் மறைத்த காலம் முடிந்துவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.